நெறி கட்டியவருக்கு நவீன மருந்து: மறைக்கக் கூடாத செய்திகள்

(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் நாம் என்ன செய்கிறோம்? "எங்காவது புண் இருக்கும், தானாகப் போய்விடும்" என்று நாட்களைக் கடத்துகிறோம். பெரும்பாலும் போயும் விடுகிறது. போகாமல், வலியும் இல்லாமல் வளர்ந்துகொண்டே இருந்தால்? இரவில் சட்டை நனைகிற வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், உடல் இளைப்பு ஆகியவையும் சேர்ந்தால்? சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும். காசநோய்க்கும் இதே அடையாளங்கள் உண்டு என்பதால், பரிசோதனை செய்யாமல் ஊகத்திலேயே காசநோய் மாத்திரை சாப்பிட்டு மாதங்களைத் தொலைத்தவர்கள் பலர். அதை இன்னொரு நாள் பேசுவோம். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகு கொடுக்கப்படும் புதிய மருந்துகளைப் பற்றியும், அவை தரும் பக்க விளைவுகளைப் பற்றியும் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

பழைய கீமோ மருந்து, உடலில் வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் அடிக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். புதிய மருந்துகள் குறி பார்த்து அடிப்பவை. இவற்றில் மூத்தது ரிட்டுக்ஸிமாப். அமெரிக்க அரசு 1997 நவம்பரில் இதற்கு அனுமதி வழங்கியது. 2007ல் நம் நாட்டு நிறுவனமான டாக்டர் ரெட்டீஸ் இதே வகை மருந்தை உள்நாட்டிலேயே தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது. பி செல் என்னும் வெள்ளணுவின் மேல் சிடி20 என்றொரு புரதம் இருக்கிறது. இந்த மருந்து அதைப் பிடித்துக்கொண்டு அந்த அணுவை அழிக்கிறது. "குறி பார்த்து அடிக்கிறது என்றால் பக்க விளைவே இருக்காதே!" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. சிடி20 புற்றுநோய் அணுவில் மட்டுமா இருக்கிறது? நோயை எதிர்க்க நமக்கு உதவுகிற நல்ல பி செல்லிலும் அது இருக்கிறதே! இரண்டும் சேர்ந்தே அழியும்.

முதல் நாள் நடுக்கம்

ரிட்டுக்ஸிமாப் ஏற்றும் முதல் நாளில் குளிர் நடுக்கம், காய்ச்சல், அரிப்பு, மூச்சு இறுக்கம், இரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவை வரலாம். இந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், முதல் ஏற்றத்தின்போது முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவதொரு தொல்லை வந்திருக்கிறது. பெரும்பாலும் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்கும். இதனால்தான் காய்ச்சல் மாத்திரையும் ஒவ்வாமை ஊசியும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மணிக்கு 50 மில்லிகிராம் என்று மெதுவாகத் தொடங்குகிறார்கள். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடுத்தடுத்த தடவைகளில் இந்தத் தொல்லை குறையும். எனவே, "கடையைத் திறக்கணும் சிஸ்டர், சீக்கிரம் ஏத்துங்க" என்று செவிலியரை அவசரப்படுத்தாதீர்கள்! பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று காலை அதைச் சாப்பிடலாமா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடா மெடிக்கலில் 'அன்ஃபிட்' ஆனவர்களே!

இனி நான் சொல்லப் போவது இளைஞர்களுக்காக. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் மெடிக்கல் எடுக்கிறார்கள். அதில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாகத் தெரிந்தால் 'அன்ஃபிட்' போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பி வந்த பிள்ளை என்ன செய்கிறான்? வீட்டில் சொல்வதில்லை. சம்பந்தம் பேசும்போதும் சொல்வதில்லை. உடம்பில் ஒரு தொல்லையும் இல்லாததால் சில வருடங்களில் அவனே மறந்து போகிறான். கிருமியோ கல்லீரலில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூங்க வைத்திருப்பது யார்? உடலின் எதிர்ப்புச் சக்திதான்.

இப்படிப்பட்டவருக்குப் பின்னாளில் லிம்போமா வந்து ரிட்டுக்ஸிமாப் ஏற்றினால் காவல்காரனை வெளியே அனுப்பியது போலாகிவிடும். கிருமி விழித்துக்கொண்டு பெருகுகிறது. மஞ்சள் காமாலை வருகிறது. சிலருக்குக் கல்லீரல் முழுவதும் செயலிழந்து மரணமே நேர்ந்திருக்கிறது. புற்றுநோய் குணமாகிக்கொண்டிருக்கும்போதே கல்லீரல் போய்விடுகிறது! சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் வரைக்கும்கூட இப்படி நடந்ததுண்டு. 2013ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த எச்சரிக்கையை மேலும் கடுமையாக்கி, மருந்து தொடங்கும் முன் எல்லோருக்கும் இந்தக் கிருமிக்கான பரிசோதனை செய்ய வேண்டும் என்றது.

இதில் வேதனை என்ன தெரியுமா? இது தடுக்கக்கூடிய மரணம்! மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி என்னும் இரண்டு இரத்தப் பரிசோதனைகள் போதும். முதலாவது இல்லை என்று வந்து, இரண்டாவது மட்டும் இருந்தாலும் எச்சரிக்கை தேவை. அதாவது, 'எனக்கு எப்போதோ வந்து குணமாகிவிட்டது' என்பவரும் சொல்லியாக வேண்டும். கிருமி இருந்தாலும் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. என்டெகவிர், டெனோஃபோவிர் ஆகிய மாத்திரைகளில் ஒன்றைத் தொடங்கி, சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர்வார்கள். இவை நம் நாட்டிலேயே தயாராகின்றன. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது.

ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுவதால் இந்தக் கிருமி பரவாது. கைகொடுப்பதால் பரவாது. இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்பவையே இதன் வழிகள். அப்படியிருக்க, மூடி மறைக்கிற அளவுக்கு நாம் ஏன் இதை அவமானமாக்கி வைத்திருக்கிறோம்?

ரிட்டுக்ஸிமாப் எடுத்தவருக்குச் சுமார் ஆறு மாதம் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. ஹஜ், உம்ரா எண்ணம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். முடிந்தால், மருந்து தொடங்குவதற்கு நாலு வாரம் முன்பே ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் கூடாது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு வியாபாரமாகப் போகிறவர்களுக்குப் போடும் மஞ்சள் காய்ச்சல் ஊசி அந்த வகைதான்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு

இப்ருட்டினிப் என்றொரு மருந்து. ஊசி இல்லை, வீட்டிலேயே தினமும் விழுங்குவது. 2013 நவம்பரில் மேன்டில் செல் லிம்போமாவுக்கு அனுமதி பெற்றது. பி செல் உயிர் வாழத் தேவையான பிடிகே என்னும் நொதியை இது அடைத்துவிடுகிறது. ஆனால் அதே நொதிக்கு இரத்தத் தட்டணுக்களிலும் வேலை இருக்கிறது. அதனால் இலேசாக இடித்தாலே கன்றிப் போகும், ஈறில் இரத்தம் கசியும். ஆய்வுகளில் நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்குப் பெரிய அளவில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. இரத்த அழுத்தம் ஏறலாம். நெஞ்சு தாறுமாறாகப் படபடக்கலாம். அதைக் 'கேஸ்' என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், ஈசிஜி எடுங்கள்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சை செய்யவோ போகிறார்கள் என்றால், மூன்று முதல் ஏழு நாள் முன்னும் பின்னும் மாத்திரையை நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவையும் அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. கசிவு நிற்காமல் போகலாம், கீறிய இடத்தில் கிருமியும் தொற்றலாம்.

மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே! உடல்வலி என்று ஆஸ்பிரின், புரூஃபென் கேட்பார்கள். சளிக்கு கிளாரித்ரோமைசின் கேட்பார்கள். படைக்கு இட்ராகோனசோல் மாத்திரை கேட்பார்கள். முதல் இரண்டும் இரத்தக் கசிவைக் கூட்டும். பின்னவை இரண்டும் இப்ருட்டினிபின் அளவை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் பாய்?" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? கிரேப்ஃப்ரூட் கூடாது என்று மருந்துச் சீட்டில் எழுதியிருக்கும். அதைத் திராட்சை என்று படித்து, திராட்சையை ஒதுக்கிவிட்டவர்கள் உண்டு! அது எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த பெரிய பழம். நம் பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம், எனவே அதையும் விட்டுவிடுங்கள்.

இதே வகையில் பின்னால் வந்த அகலப்ருட்டினிப், ஸனுப்ருட்டினிப் ஆகியவற்றில் இதயப் படபடப்பு குறைவு என்று நேரடி ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. மாற்ற முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

ஹாட்ஜ்கின் வகைக்கு 2011 முதல் பயன்படும் பிரென்டுக்ஸிமாப் நரம்புகளைப் பாதிக்கும். விரல் நுனியில் மரமரப்பு தொடங்கும். நோட்டு எண்ண முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால் அன்றே சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ தள்ளிப் போட்டோ சரி செய்யலாம். சகித்துக்கொண்டே போனால் மரமரப்பு நிலைத்துவிடக்கூடும்.

நோன்பைப் பற்றிக் கேட்பீர்கள். வெனிடோகிளாக்ஸ் மாத்திரையைத் தொடங்கும்போது புற்றணுக்கள் ஒரேயடியாக உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் 20 மில்லிகிராமில் தொடங்கி ஐந்து வாரத்தில் 400க்கு ஏற்றுகிறார்கள். அந்த நாட்களில் தினமும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கும்போது, மருத்துவரிடம் மறைத்து நோன்பு வைத்து சிறுநீரகத்தை இழப்பானேன்?

எந்த மருந்தானாலும் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டு அமுக்காதீர்கள். இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு செய்தி. இடெலலிசிப் 2014ல் அனுமதி பெற்றது. கல்லீரல், குடல், நுரையீரல் பாதிப்புகள் தெரியவந்தன. 2016ல் அதன் சில ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. 2022ல் லிம்போமாவுக்கான அனுமதியை அமெரிக்காவில் நிறுவனமே விலக்கிக்கொண்டது. 2021ல் வந்த அம்ப்ராலிசிப் மறு வருடமே சந்தையை விட்டுப் போனது. நோயாளிகளுக்கு நேர்ந்தவை பதிவானதால்தான் இவையெல்லாம் தெரியவந்தன. நம் நாட்டிலும் 2010 முதல் இதற்கென்று அரசுத் திட்டம் இருக்கிறது. மருத்துவர்தான் என்றில்லை, நோயாளியும் அவர் வீட்டாரும்கூடப் பக்க விளைவைத் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 180 3024. எழுதிக்கொள்ளுங்கள். பேசும்போது மருந்தின் பெயரும் அட்டையில் உள்ள பேட்ச் எண்ணும் கையில் இருக்கட்டும்.