ஓடுகிற கணினியை ஏன் தொட வேண்டும்?

நடுவர் அவர்களே, "அதுதான் நல்லா ஓடுதே, அதைப் போய் ஏன் நோண்டுறீங்க?" என்று கேட்டுவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி அம்மையார் அவர்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு பார்த்துக்கொண்டிருக்கிற பெருமக்களே!

பழைய கணினியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பாதுகாப்புக்காக மாற்றத்தான் வேண்டும் என்ற அணியில் நிற்கிறேன். அம்மையார் என்ன சொன்னார்கள்? "எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பத்து வயசு. விண்டோஸ் 10. கரண்ட் பில் கட்டுறோம், பாங்க் கணக்குப் பார்க்கிறோம், ஒரு நாள் மக்கர் பண்ணினதில்லை." கைதட்டலை அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மா, கதவு சத்தமில்லாமத் திறந்தா வீட்டுக்காரருக்கு வசதி. திருடனுக்கு அதைவிட வசதி! (சிரிப்பு)

கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்டது விண்டோஸ். ஓட்டை இல்லாமல் இருக்குமா? கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, கம்பெனி ஒட்டுப் போட்டு அனுப்பும். விண்டோஸ் 10-க்கு அந்த இலவச ஒட்டு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை என்று ஒரு தவணை அறிவித்தார்கள். அவ்வளவுதான்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கு. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கொத்தனார் கட்டிய இரண்டு வீடு. புது வீட்டில் ஒரு விரிசலைப் பூசுறாங்கன்னா, அதே விரிசல் பழைய வீட்டிலும் இருக்கக்கூடும். திருடன் பூச்சைப் பார்த்தே புரிஞ்சுக்குவான். ஒவ்வொரு மாதமும் புதியதற்கு வருகிற ஒட்டு, பழையதைத் திறக்க அவனுக்குக் கிடைக்கிற வரைபடம்.

நான் கற்பனையாகப் பேசவில்லை. 2017 மே 12. வானாக்ரை என்று ஒரு கிருமி நிரல். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடு, திறக்கிறேன் என்றது. 150 நாடுகள். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் மூன்றில் ஒரு பங்கு நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டன. ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரம் ரத்து. புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு அவசரமாக அனுப்பப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். "கம்ப்யூட்டர்தானே" என்று சொல்வீர்களா?

எதிரணி உடனே மடக்கலாம்: "மாட்டினதுல பெரும்பாலும் பழைய எக்ஸ்பி இல்லையே, விண்டோஸ் 7 தானே? அதுக்கு அப்ப ஒட்டு வந்துக்கிட்டுத்தானே இருந்தது?" உண்மை. அந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச் 14-லேயே வந்து, இரண்டு மாதம் வாசலில் கிடந்தது. எடுத்துப் போடவில்லை. ஒட்டு வந்தும் போடாதவர் கதி அது. ஒட்டே வராதவர் கதி என்ன? (கைதட்டல்) எக்ஸ்பிக்கு மறுநாள் ஒரு ஒட்டு வந்தது, வாஸ்தவம். ஊர் பற்றி எரிந்த பிறகு கிடைத்த தயவு அது. அதை நம்பியா குடித்தனம் நடத்துவது?

"பழசை மதிக்கத் தெரியாதவங்க" என்று ஒரு நண்பர் எங்களைச் சாடினார். தமிழ் வாத்தியாரிடம் சொல்லலாமா இதை? பனை ஓலை சில நூறு ஆண்டு தாங்கும், அப்புறம் செல்லரிக்கும். தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஏட்டில் பெயர்த்து எழுதினார். அப்படிப் பெயர்த்த ஏடுகளைத் தேடி எடுத்துத்தான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். பெயர்த்து எழுதப்படாத நூல் போயே போச்சு. உங்கள் கணினியில் மகள் கல்யாணப் படம், பேரன் மழலை, வீட்டுப் பத்திர நகல் எல்லாம் இருக்கே, அதுதான் நூல். விண்டோஸ் வெறும் ஏடு.

செலவு? இங்கே எதிரணி பக்கம் நியாயம் இருக்கு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய பிராசஸர் வேண்டும். பத்து வயசு இயந்திரத்தை அது பெரும்பாலும் ஏற்காது. நல்லா ஓடுகிற பெட்டியைக் குப்பையில் போடச் சொல்கிற அந்த நிபந்தனை எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால், மாற்றுவது என்றால் புதுசு வாங்குவது என்று யார் சொன்னது? லினக்ஸ் மின்ட், உபுண்டு எல்லாம் இலவசம். பழைய பெட்டியிலேயே ஓடும். பழகப் பத்து நாள் ஆகும். தமிழும் தட்டலாம்.

அதுவும் முடியாதா? இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, படம் பார்க்க, கடிதம் அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாங்க் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள். எதைச் செய்வதானாலும் முதலில் கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் கிருமி அதையும் சேர்த்துப் பூட்டும்.

நடுவர் மணி அடித்துவிட்டார். அம்மையார் வீட்டுக்கு லினக்ஸ் போட என் மாணவன் ஒருவனை அனுப்புகிறேன். காபி மட்டும் கொடுத்தால் போதும். (சிரிப்பு)