கன்று வீச்சும் காட்டு மானும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பம்பு, வால்வு என்று பேச வேண்டியவன் மாட்டு நோயைப் பற்றிப் பேச வந்துட்டானே" என்று என் பழைய அறைத்தோழன் முன்வரிசையில் சிரிக்கிறான். காரணம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரில் எங்கள் சினைப்பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. அப்பா வெறும் கையாலேயே நஞ்சுக்கொடியை எடுத்துப் போட்டார். சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல். சாயங்காலம் வரும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், காலையில் இருக்காது. மூட்டெல்லாம் வலி. டைபாய்டு, மலேரியா என்று நாலு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் மாட்டு டாக்டர்தான், "மாடு கன்னு வீசுச்சுன்னு சொன்னீங்களே, புருசெல்லா டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அதுதான். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினார்.

பிறகு வேலை நிமித்தமாக ஒரு குளிர்காலம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருந்தேன். அங்கே ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் இதே நோயின் பெயரைச் சொன்னபோது தூக்கிவாரிப் போட்டது. "காட்டு மிருகங்களால் வருகிறது" என்றார். அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

கதை நேர்மாறாகத் தொடங்குகிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த மாடுகளோடுதான் இந்தக் கிருமி அங்கே போனது. யெல்லோஸ்டோன் பூங்காவின் பைசன் எருதுகளிடம் 1917-இல் கண்டறியப்பட்டது. 1934-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தால் நாளடைவில் மாடுகளிடம் நோய் ஏறக்குறைய ஒழிந்தது. காட்டில் தங்கிவிட்டது. பூங்கா எல்லையைத் தாண்டிய பைசன்கள்மேல் பழி விழுந்தது. 1996-97 குளிர்காலத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் கொல்லப்பட்டன. ஆனால் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017-இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது? 1998-க்குப் பிறகு அந்த வட்டாரத்தில் மாடுகளுக்கு நோய் வந்தது எல்க் மான்களிடமிருந்து, பைசன்களிடமிருந்து அல்ல.

எல்க் மான்களிடம் ஏன் நீடிக்கிறது? அவை குளிர்காலத்தில் மேய்ந்த பள்ளத்தாக்குகளில் பண்ணைகள் வந்துவிட்டன. மான்கள் பட்டினி கிடந்தன, பண்ணை வைக்கோல் போரிலும் வாய் வைத்தன. இரக்கப்பட்டு 1912-இல் ஜாக்சன் ஊரருகே சரணாலயம் அமைத்துத் தீவனம் போட்டார்கள். மாநில அரசும் பல இடங்களில் போட்டது. இங்கேதான் சிக்கல். சாதாரணமாகப் பெண் மான் கூட்டத்தை விட்டு ஒதுங்கித்தான் குட்டி போடும். தீவன வரிசையிலோ நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒன்று கரு வீசினால் பல மான்கள் வந்து முகர்ந்து நக்குகின்றன. குளிரில் கிருமியும் நெடுநாள் சாகாமல் கிடக்கிறது.

பொறியாளனாக எனக்குப் பிடித்தது அங்கே கண்ட ஒரு வழி. தீவனத்தை ஒரே வரிசையில் கொட்டாமல், பரந்த இடத்தில் சிறு சிறு குவியலாகப் போடுகிறார்கள். கருவை மொய்க்கும் மான்கள் கணிசமாகக் குறைகின்றன. செத்த கருவைத் தின்று துப்புரவு செய்யும் நரி இனங்களையும் அங்கே விட்டு வைக்கிறார்கள். பழுது எந்த இணைப்பில் என்று பாருங்கள். கடைசியாகக் கண்ணில் பட்டவன்மேல் பழி போடாதீர்கள் என்று நம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக் கொடுத்த பாடம்தானே இது!

நம் ஊருக்கும் வருவோம். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுக் கிடாரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள். வீட்டில் சொல்லுங்கள். மாடு கன்று வீசினால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால், வீட்டில் மாடு இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டதற்கு அப்பா நாலு மாதம் படுத்தார்.