நிலம் தோய வணங்குதல்
(கும்பாபிடேக விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்.



கும்பாபிடேகம் என்றவுடன் நம் கண்கள் மேல்நோக்கிச் செல்கின்றன. கோபுரத்தையும் விமானத்தையும் பொற்கலசத்தையும் கண்டு கைகூப்புகின்றோம். அடியேன் இன்று உங்கள் நோக்கத்தைச் சற்றே கீழே திருப்ப விரும்புகின்றேன். இப்பெருஞ்சாந்தியின் தொடக்கக் கிரியைகளுள் மிருத்சங்கிரகணம் என்பது ஒன்று. தூயதோர் இடத்தில் நிலமகளைப் பூசித்து, அனுமதி வேண்டி, மண்ணை எடுத்து வருகின்றனர். அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டு நவதானிய வித்துக்களை விதைத்தல் அங்குரார்ப்பணம் எனப்படும். கலசத்தின்மேல் புனித நீர் சொரிவதற்குப் பன்னாள் முன்னரே நாம் மண்ணைத் தொட்டு வணங்கிவிட்டோம் என்பது இதனால் விளங்கும். அந்த மண்ணை நம் உடல் தொடுதல் பற்றியே ஈண்டுச் சில சொல்லப் புகுகின்றேன்.

நிலம் என்னும் சொல் நில் என்னும் அடியினின்றும் பிறந்தது. நாம் நிற்பதற்கு இடமாவது அது. சைவ சித்தாந்தம் கூறும் 36 தத்துவங்களுள் இறுதியில் தோன்றுவதும் அதுவே. வானுக்கு ஓசை ஒன்றே குணம். காற்றுக்கு ஓசையோடு ஊறும், தீக்கு அவற்றோடு ஒளியும், நீருக்கு அவற்றோடு சுவையும் உண்டு. நிலத்துக்கு இந்நான்குடன் நாற்றமும் கூடி ஐந்து குணங்களும் உள. கடைசியில் தோன்றியதாயினும் முன்தோன்றிய எல்லாவற்றின் குணத்தையும் தன்பால் ஏற்றுக்கொண்ட பெருமை நிலத்துக்கு உரியது. தன்னை வெட்டுவோரையும் சுமக்கும் அதனையே பொறுமைக்கு உவமையாக வள்ளுவர் எடுத்துக் காட்டினார். சிவபெருமானுடைய அட்டமூர்த்தங்களுள் நிலமும் ஒன்றாதலின், அதனைத் தொடுதல் அவன் திருமேனியைத் தொடுதலேயாகும்.

காஞ்சித் திருவேகம்பத்தில் அவன் மண்ணிலிங்கமாய் எழுந்தருளியிருக்கின்றான். உமையம்மை மணலால் இலிங்கம் அமைத்துப் பூசித்தபோது கம்பையாறு பெருக்கெடுத்து வந்தது. அம்மை தன் பூசையைக் காக்க வேறொரு கருவியையும் தேடவில்லை. அம்மண்ணையே மார்போடு தழுவிக்கொண்டாள். இறைவன் குழைந்து, வளைத் தழும்பையும் முலைச்சுவட்டையும் ஏற்றருளினான். இவ்வரலாற்றைத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்திற் சேக்கிழார் விரித்தருளினார். இன்றும் அங்கே மூலவரின் திருமேனியில் நீர் சொரிதல் இல்லை. ஆவுடையாருக்கே அபிடேகம் நிகழ்கின்றது. மண்ணியாற்றின் கரையிலே விசாரசருமர் என்னும் சிறுவர் மணலைக் கூப்பி இலிங்கமாக்கிப் பாலாட்டியதும், அவரே சண்டேசுர பதம் பெற்றதும் நீவிர் அறிந்தனவே. கல்லும் பொன்னும் கிடையாத இடத்தும் வழிபாட்டுக்கு மண் உண்டு. மிக எளியவனுக்கும் எட்டும் பொருளிலே இறைவன் எளிவந்து நின்றான் என்பது கருத்து.

இனி, நாம் வணங்கும் முறையை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) சைவ வினாவிடையில் இதனைத் தெளிவாக வகுத்துள்ளார். தலை, கை இரண்டு, செவி இரண்டு, மோவாய், புயம் இரண்டு ஆகிய எட்டு உறுப்புக்களும் நிலத்தில் பொருந்த வணங்குதல் அட்டாங்க வணக்கம். இது ஆடவர்க்கு உரியது. தலை, கை இரண்டு, முழந்தாள் இரண்டு ஆகிய ஐந்தும் பொருந்துதல் பஞ்சாங்க வணக்கம். இது மகளிர்க்கு உரியது. கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய சந்நிதியாயின் வடக்கே தலைவைத்தும், தெற்கு அல்லது வடக்கு நோக்கிய சந்நிதியாயின் கிழக்கே தலைவைத்தும் வணங்குக. பலிபீடத்துக்கு இப்பால் வணங்குதலே முறை.

இவ்வுறுப்புக்களுள் செவியை ஏன் சேர்த்தனர் என்று அடியேன் பலகால் எண்ணியதுண்டு. நாள் முழுவதும் புகழுரையையும் இகழுரையையும் கேட்டு அலையும் செவி, அப்பொழுது மட்டும் மண்மேற் படிந்து ஒன்றும் கேளாது அடங்குகின்றது. நெற்றி தாழ்கின்றது, மோவாய் தாழ்கின்றது, நம் செல்வத்தையும் பதவியையும் காட்டும் மேலாடையில் புழுதி படிகின்றது. யான், எனது என்னும் செருக்கு நிமிர்ந்து நிற்பதற்கு இடமே இல்லாத நிலை அது. மண்ணில் கிடப்பவனுக்கு இனி விழுவதற்கு வேறிடம் இல்லை. ஆதலின் அவனிடம் அச்சமும் இல்லை. மனம் நிலைபெறுதல் என்பது இதுவே.

திருநாவுக்கரசு சுவாமிகளின் வாழ்வு முழுவதும் நிலத்தோடு இயைந்தது. கையில் உழவாரப் படை ஏந்தித் திருமுற்றங்களிற் புல்லைச் செதுக்கியவர் அவர். முதுமையில் கயிலைக்குச் செல்லப் புகுந்து, கால் தேயக் கைகளால் தவழ்ந்தார். கையும் தேய மார்பினால் ஊர்ந்தார். பின்னர்ப் புரண்டு புரண்டு சென்றார். இறைவன் முனிவர் வடிவில் வந்து அவரைப் பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழச்செய்தான். கயிலைக் காட்சியை அவர் கண்டது சோழநாட்டு மண்ணிலேதான். தம் உடல் முழுவதையும் நிலத்துக்குக் கொடுத்தவருக்குத் தொலைவிலுள்ள மலை, நின்ற ஊரிலேயே கிடைத்தது. இன்று நம் அன்பர்கள் செய்யும் அங்கப்பிரதக்கிணத்தைக் காணுந்தோறும் அடியேனுக்கு அப்பெருமானின் நினைவே எழுகின்றது.

அடியேன் இளமையில் முதலெழுத்தை மணலில் விரலால் எழுதிக் கற்றவன். பின்னர்த் திருமடத்தில் பாடங்கேட்ட நாட்களில் தரையில் அமர்ந்தே சாத்திரங்கள் ஓதினோம். பாடம் தொடங்குமுன் ஆசிரியர் முன் நிலம் தோய வணங்குவோம். பதினைந்து வயதில் அஃது ஒரு கட்டளையாகத் தோன்றியது. எழுபது கடந்து, எழுந்திருக்கப் பிறர் கை வேண்டியிருக்கும் இந்நாளில்தான் அது எத்தகைய பேறு என்பது விளங்குகின்றது.

வெறுங்காலுடன் நிலத்தில் நடந்தால் மண்ணின் மின்னாற்றல் உடலிற் புகுந்து பல நோய்களைத் தீர்க்கும் என இக்காலத்தார் சிலர் கூறுகின்றனர். கோபுரத்தின் இடிதாங்கி மின்னலை நிலத்துள் செலுத்துவதை அவர்கள் உவமை காட்டுவர். இடிதாங்கியின் செயல் ஐயமற்றது. நோய் தீரும் என்பதற்கோ, சிலரை மட்டும் வைத்துச் செய்த சிற்றாய்வுகளே உள. மருத்துவ உலகம் அதனை முடிந்த முடிபாக ஏற்கவில்லை. நம் வணக்கத்துக்கு அத்தகைய ஊன்றுகோல் வேண்டுவதும் இல்லை. மருத்துவர் கூறும் எச்சரிக்கையை மட்டும் மறவாதிருப்போம். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உட்புகும். குருதிச் சோகையை உண்டாக்கும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவர்க்குச் சுடுகல்லும் கண்ணாடித் துண்டும் பெருந்தீங்காய் முடியும். ஆகவே திருமுற்றத்து மண்ணைத் தூயதாக வைத்திருத்தல் அலங்காரம் அன்று, உயிர்காப்பு. அப்பரடிகள் உழவாரத்தால் செய்தது இத்தொண்டே.

திருப்பணிச் செல்வர்களே, இவ்வளவும் சொல்லியதற்குக் காரணம் உண்டு. நம் திருக்கோயிலின் வெளிப்பிராகாரம் முழுவதையும் பளபளக்கும் கல்லால் பாவித் தருவதற்குச் சிலர் முன்வந்துள்ளனர் என்று கேள்வியுற்றேன். அவர்களின் அன்பு போற்றத் தக்கது. ஆயினும் ஒரு விண்ணப்பம். சித்திரை வெயிலில் அக்கல் நண்பகலில் ஏற்ற வெப்பத்தை மாலை வரை விடுவதில்லை. பல கோயில்களில் தேங்காய்நார் விரிப்பையும் வெண்ணிறப் பூச்சையும் இட்டும் அன்பர்கள் ஓடியே வலம் வருகின்றனர். வலம் வருதல் மெல்ல அடிமேல் அடிவைத்துச் செய்ய வேண்டியதன்றோ? மழைக்காலத்தில் அக்கல் வழுக்கும். நீரும் மண்ணுள் இறங்காது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. திறந்த திருமுற்றம் செலவின்றி அப்பணியைச் செய்கின்றது. கிணறும் திருக்குளமும் அதனால் வாழும்.

முதியோரும் ஊன்றுகோலுடன் வருவோரும் நடப்பதற்குச் சொரசொரப்பான கல்லில் ஒரு பாதை அமையட்டும், அது வேண்டற்பாலதே. அதன் அருகே அங்கப்பிரதக்கிணம் செய்வோர்க்காகச் சலித்த மணல் பரப்பிய ஒரு பாதை இருக்கட்டும். எஞ்சிய இடம் மண்ணாகவே இருந்து வில்வமும் வன்னியும் கொன்றையும் நிழல் தரட்டும். கல்லுக்கென வைத்த பொருளில் ஒரு பகுதியை, நாள்தோறும் பெருக்கித் தூய்மை செய்யும் பணியாளரின் ஊதியத்துக்கு நிலைநிதியாக வைப்பீர்களாயின், அக்கொடை கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாவிடினும், வணங்குவோர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் படியும்.

நிலத்தில் விழ இயலாத முதியோர் வருந்த வேண்டுவதில்லை. தலைமேல் கைகுவித்து வணங்குதலையும் நூல்கள் ஏற்கின்றன. இயன்றவர்கள், குறிப்பாக இளைஞர்கள், இன்று வீடு திரும்புமுன் கொடிமரத்தருகே ஒருமுறை நின்று, மேற்சொன்னவாறு மூன்று முறையேனும் நிலம் தோய வணங்குக. விரைந்து எழாதீர்கள். செவி மண்ணிற் படிந்திருக்கும் அச்சில நொடிகளில் திருவைந்தெழுத்தை உள்ளே எண்ணுங்கள். எழும்போது நெற்றியில் ஒட்டிய புழுதியை உடனே துடைத்துவிட வேண்டா. அதுவும் அவன் திருமேனியே.

திருச்சிற்றம்பலம்.