மண்ணுக்குள் ஒரு மண்



அட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வழியில், வீதிக்காக வெட்டப்பட்ட மண்மேடுகள் பலவுள. மழை ஓய்ந்த ஒரு காலையில் அத்தகைய மேடொன்றின்முன் மாணவரோடு நின்றேன். உச்சியில் தேயிலை வேர்; அதன்கீழ் ஓராள் உயரத்துக்குக் கல்லுங் களியுங் கலந்த செம்மண்; அதற்குங் கீழே சாண் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை. “சேர், மேல்மண்தானே கறுப்பாயிருக்கும்? இது ஏன் அடியிற் கிடக்கிறது?” என்று வினவினாள் ஒரு மாணவி. வரலாறு கற்ற எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர்ப் படித்தறிந்ததையே இன்று கூறுகிறேன்.

முன்பொருகால் வெயிலும் மழையுங் கண்டு மரஞ்செடிகளைத் தாங்கிநின்ற நிலமுகம், பிற்காலத்தில் வேறு மண்ணால் மூடப்படுமாயின், அதனைப் புதையுண்ட மண் என்பர். குளிர்நாடுகளில், காற்றுக் குவித்த வெளிர்நிறப் புழுதியினிடையே அது கரும்பட்டையாகத் தெளிவாய்த் தோன்றும். நம் வெப்பமண்டலத்திலோ காரியம் அவ்வளவு எளிதன்று. வெப்பமும் ஈரமும் மக்கைத் தின்று கறுப்பை அழித்துவிடுகின்றன. போதாக்குறைக்குக் கறையான் வேறு! அது நுண்மண்ணை மேலே சுமந்துசென்று, பருங்கற்களைக் கீழே விட்டுவிடுகின்றது. அவ்வாறு அமைந்த கல்வரிசையைப் பழைய நிலமுகமென்று மயங்குதல் எளிது.

கறுப்பெல்லாம் பழைய மேல்மண்ணுமன்று. 1961ஆம் ஆண்டில் மூர்மன், பானபொக்க என்னும் இருவர் இலங்கை மண்களை வகுத்தபோது, மலைநாட்டு மண்வகையொன்றை அதன் கரிய அடிப்படையைக் கொண்டே பெயரிட்டனர். மழைநீர் மேலிருந்து கொண்டிறக்கிய மக்கும் அடியிற் கறுப்பாய்த் தங்கக்கூடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பலாகாது. பட்டையின் மேலெல்லை கத்தியால் வெட்டினாற்போலிருந்து, கீழெல்லை மெல்ல மங்குகின்றதா? பழைய வேர்கள் சென்ற துளைகள் அப்பட்டையிலிருந்து தொடங்குகின்றனவா? மரக்கரி உண்டா? இவை ஒன்றுக்கொன்று சான்றாக நின்றாலே முடிவுகூறலாம். மரக்கரி கிடைப்பின் காபன் முறையால் அதன் வயதையும் கணிக்கலாம்.

சேற்றுநிலப் படிவுகள் இன்னும் தாராளமாகப் பேசும். ஹோர்ட்டன் சமவெளியில் பிரேமதிலக்கவும் ரிஸ்பேர்க்கும் மகரந்தத்தையும் பிறவற்றையும் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் ஏறத்தாழ 24,000 ஆண்டுகளைத் தழுவுவன. வறட்சி மிக்க காலமும், பருவமழை வலுத்த காலமும் அங்கே அடுக்கடுக்காய்ப் பதிந்துள்ளன. மிகப் பழங்காலத்திலேயே அங்கு தானியப் பயிர் செய்யப்பட்டதெனவும் அவர்கள் கருதுகின்றனர். இதனை மட்டும் நான் சற்றுத் தயக்கத்தோடேயே ஏற்கிறேன்.

நம் மண்மேட்டுக்கு மீள்வோம். பட்டை மெய்யாகவே புதையுண்ட மண்ணாயின், அதன்மேலுள்ள செம்மண் அவ்விடத்திலேயே உக்கியதன்று; மேலிருந்து வந்தது. எவ்வாறு வந்தது என்பதே கேள்வி. காடழித்துக் கோப்பி நட்ட காலந்தொட்டுச் சிறுகச்சிறுகக் கழுவி வந்ததாயின், மண் நுண்ணியதாய், மெல்லிய படைகளாய் இருக்கும். ஓட்டுத்துண்டோ போத்தற்சில்லோ அதில் அகப்படவுங்கூடும். பெருங்கல்லும் சிறுகல்லும் களியும் ஒழுங்கின்றிக் குழம்பிக் கிடப்பின், மலை ஒருமுறை சரிந்திருக்கின்றது என்று ஐயுற வேண்டும். சரிந்த சரிவு மீண்டுஞ் சரியலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை மலையகத்தார் மறந்திலர்.

நாங்கள் கண்ட மேட்டிற் கற்கள் குழம்பியே கிடந்தன. அதன்மேல் ஒரு லயம் உண்டு. வினாவெழுப்பிய மாணவியின் வீடும் அதிலேதான். மறு ஆண்டு மேட்டின் முகத்தைக் கருங்கற் சுவர் எழுப்பி மறைத்துவிட்டனர். அதற்குமுன் அவள் பொறுக்கியெடுத்த மரக்கரித் துண்டுகள் மூன்று, ஒரு தகரப் பேணியில், பாடசாலை அலுமாரியில் இருக்கின்றன. அவற்றின் வயது இன்னும் கணிக்கப்படவில்லை. சரிவைப் பரிசோதிக்குமாறு இருமுறை எழுதியுள்ளேன்; அடுத்த மழைக்குமுன் மீண்டும் எழுதுவேன்.