அப்பாவின் எஞ்சின்



இந்த வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் நூல்களைப் பற்றியும் நூலாசிரியர்களைப் பற்றியும் பேசினார்கள். நான் ஒரு மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேசப் போகிறேன். நிகழ்ச்சி அமைப்பாளரிடம் இதைச் சொன்னபோது சற்று யோசித்தார். பிறகு, "எழுதிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்றார். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதில் ஏறாத குடும்பம் அருமை. அப்பாவின் கார் 1963 ஆம் ஆண்டினது, 1098 சீ.சீ. எஞ்சின். மாமாவின் கார் அதற்கு மூத்தது, 948 சீ.சீ. எஞ்சின். வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். காரின் சொந்தக்காரர்கள் இருவரும் ஒரு காணி எல்லை காரணமாக 1989 முதல் கதைபேச்சு அற்றவர்கள்.

1990 இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபின் எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தச் சொட்டுப் பெற்றோலை அப்பா ஒரு மருந்துப் போத்தலில் சுவாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஒயிலை நீர்ப்பாக்கிவிடும். வால்வுகளில் கரி படியும். அப்பாவுக்கு இது தெரியும். தெரிந்தும் வேறு வழியில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மாமாவின் காரில் ஒரு துளி எண்ணெயும் இல்லை. அப்பா எங்கள் காரைக் கொண்டுபோய் மாமாவின் படலையில் நிறுத்தினார். அம்மம்மாவும் மாமாவின் சின்னப் பிள்ளைகளும் ஏறினார்கள். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். சாவகச்சேரி போய்ச் சேரும்வரை, சேர்ந்த பின்னும், இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

1996 இல் ஊர் திரும்பியபோது மண்ணெண்ணெயும் இல்லை, நேரமும் இல்லை. காரை ஓர் உறவினர் வளவில் விட்டுவிட்டு நடந்தே வந்தோம். பிறகு எடுக்கலாம் என்றிருந்த அப்பா 1998 இல் காலமானார். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியே இடிந்து கிடந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வந்தபின் போய்ப் பார்த்தேன். மாமரம் ஒன்று கூரைமேல் விழுந்து காரின் உடல் உக்கிப் போயிருந்தது. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்துக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து, சாக்கினால் மூடித் தகரக் கொட்டிலில் வைத்தேன். அவ்வளவுதான் என்றிருந்தேன்.

2019 இல் மாமாவின் எஞ்சினில் கொன்றொட் முறிந்து புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இராமல் நின்றபடியே கேட்டார்:

"கொப்பரின்ர எஞ்சின் கிடக்குதல்லே, தம்பி?"

கராஜில் இறக்கியதும் நான் செய்ய நினைத்தது, முன்கப்பியில் சாவியை மாட்டித் திருப்பிப் பார்ப்பது. கராஜ்கார அண்ணை என் கையைத் தட்டிவிட்டார்.

"உயிர் இருக்கோ எண்டு உலுப்பிப் பாக்கிறதே? துருப்பிடிச்ச றிங் உடைஞ்சால் சிலிண்டரைக் கீறிப்போடும். பெயரிங்கிலும் ஒயில் இல்லை. பேசாமல் விடும்."

முதலில் மேல்மூடியையும் பிறகு சிலிண்டர்த் தலையையும் கழற்றினார். இரண்டாம் சிலிண்டரின் சுவரில் செம்மண் நிறத்தில் ஒரு வளையம். எஞ்சின் நிற்கும்போது ஏதாவதொரு சிலிண்டரின் வால்வு திறந்தபடி நின்றுவிடும். அந்த வழியால் மாரி காலத்து ஈரம் உள்ளே போகும். மற்ற மூன்றும் தப்பியிருந்தன. காபரேற்றர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. புளொக்கின் பின்புறம், நான்காம் சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் வழியில், துருச்சேறு களிபோல் இறுகிக் கிடந்தது. நீர் வற்றிய குளத்தில் சேறு தாழ்ந்த மூலையில் ஒதுங்குமல்லவா, அப்படி.

மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து நான்கு சிலிண்டர்களிலும் ஊற்றி, சாக்கைப் போட்டு மூடிவிட்டு, "ஒரு கிழமை கழிச்சு வாரும்" என்றார். நான் இரண்டாம் நாளே போனேன். கையில் ஓர் ஈர்க்கு வைத்திருந்தார். அதை எண்ணெய்க்குள் விட்டு மட்டம் பார்த்தார். மூன்று சிலிண்டர்களில் மட்டம் தாழ்ந்திருந்தது. எண்ணெய் றிங்குகளைக் கடந்து கீழே கசிகிறது என்று பொருள். இரண்டாவதில் அசையவில்லை. ஐந்தாம் நாளும் அசையவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளின் நிலையை முகவுரையில் சொல்லி வருந்துகிறார். காய்ந்த ஏட்டுக்கு எண்ணெய் பூசி, அது இளகிய பின்னரே பிரிப்பது பழைய வழக்கம். இதை அண்ணையிடம் சொன்னேன். "அவையளுக்கும் அவசரப்பட்டவை காணாமலே இருந்திருப்பினம்" என்றார். தமிழ்ப் பதிப்புத்துறை குறித்து இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

பத்தாம் நாள் சாவியை மாட்டி, ஒரு நூலளவு முன்னே, ஒரு நூலளவு பின்னே என்று அசைத்தார். முழுச் சுற்றுச் சுற்ற அரைநாள் சென்றது. சம்பைக் கழற்றியபோது மண்ணெண்ணெய் மணத்தது. தொண்ணூறுகளின் மணம் என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. "அது நாங்கள் போன கிழமை ஊத்தினது" என்றார் அண்ணை.

ஆனால் வால்வுகளில் இருந்த கரி நாங்கள் ஊற்றியதன்று. கறுத்து, அடையடையாக, சட்டியின் அடி போல் படிந்திருந்தது. அந்த ஐந்தாண்டுகளின் ஓட்டமெல்லாம் அதில் இருந்தது. அந்த இரவின் ஓட்டமும் இருந்தது. சுரண்டுவதற்கு அண்ணை கத்தியை எடுத்தபோது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. கரியை விட்டால் அது சூட்டில் கனன்று, பிளக் பொறி விழுமுன்னரே பெற்றோலைக் கொளுத்திவிடும், எஞ்சின் தட்டும் என்று விளக்கினார். விளக்கிக்கொண்டே சுரண்டி முடித்துவிட்டார். பத்து நிமிடம் செல்லவில்லை. நான் காசு கொடுத்துச் செய்விக்கும் வேலைதானே, பேசாமல் இருந்தேன்.

தலையைப் பூட்டிய பின் பிளக் இல்லாமல் கையால் சுற்றினோம். ஒயில் மேலேறி வால்வுத் தண்டுகளின் மேல் மினுங்கும்வரை சுற்ற வேண்டும் என்றார். அமுக்கம் பார்த்தபோது மூன்று சிலிண்டர்கள் 140 இறாத்தலைத் தாண்டின, இரண்டாவது 90. அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுப் பார்த்தால் 120. பழுது வால்வில் இல்லை, ஒட்டியிருக்கும் றிங்கில்தான். ஓட ஓட இளகும் என்றார்.

எஞ்சின் பெரிதாகும்போது மற்றவையும் பெரிதாக வேண்டும். 1098 இன் கிளச் பழைய கியர்பொக்ஸின் கூட்டுக்குள் அடங்காது. எனவே அப்பாவின் கியர்பொக்ஸும் சேர்ந்தே போயிற்று. முன்சக்கரத்து ஏழு அங்குல பிறேக் டிறம்களுக்குப் பதில் எட்டு அங்குலத்தவை தேடிப் பூட்டினோம். மாமா எல்லாவற்றுக்கும் சரி என்றார். பழைய பெற்றோல் தாங்கியை மட்டும் மாற்ற விடவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை, கழுவிப் பூட்டினோம்.

சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டிக், டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நின்றது. அந்த ஓசையை இந்த ஒலிவாங்கியின் முன் செய்து காட்ட எனக்குத் தெரியாது. மைனர் வைத்திருந்தவர்களுக்குச் செய்து காட்டத் தேவையுமில்லை. முதல் தடவை ஒரு தும்மல். இரண்டாம் தடவை ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. ஊற்றிய ஒயிலெல்லாம் எரிந்து, கராஜே தெரியாதபடி வெண்புகை. புகைக்குள் மாமா எங்கே நிற்கிறார் என்று பார்த்தேன். கதவைப் பிடித்தபடி நின்றார். அடியில் ஒயில் சொட்டுகிறதே என்று கேட்டார். அந்த எஞ்சினின் பின்புறத்தில் றபர் சீலே வைக்கவில்லை, அது பிறவிக் குணம் என்றார் அண்ணை.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் இருக்கும்; எஞ்சினை மாற்றினால் அறிவித்துத் திருத்த வேண்டும். அன்று பின்னேரம் மாமா கடிதம் எழுத உட்கார்ந்தார். டைனமோவுக்கு மேலே புளொக்கில் அறைந்திருந்த தகட்டைத் துணியால் துடைத்து இலக்கத்தை வாசித்தேன். "மூண்டோ, எட்டோ? வடிவாய்ப் பார்" என்று இரண்டு முறை கேட்டு எழுதினார். எந்தக் காரில் இருந்தது, யாருடையது என்ற வரி வந்தபோது பேனையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தார். பிறகு அப்பாவின் பெயரைத் தகப்பன் பெயரோடு முழுதாக, அடித்தல் திருத்தலின்றி எழுதினார். எழுதிய தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்து, காற்றுக்குப் பறவாமல் தன் மூக்குக்கண்ணாடியை அதன்மேல் வைத்தார்.