மஞ்சள் பையைத் தூக்கும் கை

முன்வரிசையில் பணி முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் செவிலியர்களே!

2024 டிசம்பரை நெல்லைச் சீமை மறந்திருக்காது. கொடகநல்லூரிலும் நடுக்கல்லூரிலும் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று அந்தக் குப்பையே சாட்சி சொல்லிற்று. நோயாளிகளின் சீட்டுகள் உள்ளேயே இருந்தன. பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு வைத்தது. கழிவு லாரியில் ஏறி, வந்த வழியே திரும்பிற்று. தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஊர் வாய் திறந்ததால் நடந்தது அது.

அந்தக் குப்பைமேட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. பேர் வேண்டாம். அண்டை மாநிலத்தை ஏசினார்கள், வீட்டுக்குப் போனார்கள். உள்ளூர் வார்டில் எந்தப் பை எங்கே போகிறது என்று அவர்களில் ஒருவராவது எட்டிப் பார்த்தாரா?

ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு. குளூக்கோஸ் குழாயும் கையுறையும் சிவப்புக்கு. உடைந்த மருந்துக் குப்பி நீலத்துக்கு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கு. மருத்துவக் கழிவுக்கான 2016 விதி இது. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் செவிலியர் ஒப்பிப்பார். ஆனால் நாற்பது நோயாளிக்கு ஒருவர் ஓடும் இரவில், போட்ட ஊசி அவசரத்தில் மஞ்சள் பைக்குள் விழுந்துவிடுகிறது. போட்டவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பையைத் தூக்க ஓர் அம்மா வருகிறார். அவரைச் சொல்லத்தான் இந்த மேடை. வாயைக் கட்டி, தூக்கி, இடுப்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறார். ஊசி குத்துவது அவருடைய தொடையில்!

ஊர் பயப்படுவது எய்ட்ஸுக்கு. அந்தக் கிருமி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்கு. ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவர் என்றால் நூற்றில் முப்பது பேருக்குக்கூடத் தொற்றலாம். வார்டில் வேலை பார்ப்பவர்களிலேயே எத்தனை பேர் இதை அறிவார்கள்?

குஜராத்தில் மொடாசா என்று ஓர் ஊர். 2009இல் அந்த வட்டாரத்தில் சுமார் 240 பேருக்கு இதே ஹெபடைட்டிஸ் பி. நோய் தீரவென்று ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்கள், ஐயா! ஒருமுறை போட்ட சிரிஞ்சு கழிவிலிருந்து கள்ளச் சந்தைக்கு வந்து, மறுபடி மனித உடம்பில் ஏறியிருக்கிறது. ஊசியை வெட்டி, சிரிஞ்சைக் கிருமி நீக்கி, நொறுக்கியிருந்தால் எந்த வியாபாரியும் அதைத் தொட்டிருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரிக் கழிவில் நூற்றுக்கு 85 பங்கு வீட்டுக் குப்பை போன்றதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 15 அதில் கலந்துவிட்டால் நூறும் நஞ்சு. கலப்பதும் பிரிப்பதும் முதல் கையில் இருக்கிறது. அடி வாங்குவது கடைசிக் கை.

அந்தக் கடைசிக் கைக்கும் அதே 2016 விதியில் இடம் உண்டு. வேலைக்குச் சேரும்போது பயிற்சி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. கழிவைத் தொடும் எல்லோருக்கும் என்றே எழுதியிருக்கிறது; ஒப்பந்தத்தில் வந்தவர் என்று ஒதுக்க முடியாது. செவிலியர்களே, தடுப்பூசி மூன்று தவணை: இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. நாளைக் காலை ஐந்து மணிக்கு அந்த அம்மா வருவார். எத்தனை போட்டாயிற்று என்று அவரிடம் கேளுங்கள்.