பழைய சில்லும் புதிய ரயரும்



வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே கிளிநொச்சிக்குச் செல்வோர், இடையிடையே ஒரு மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையோ இன்றும் காணக்கூடும். 1990களிற் பொருளாதாரத் தடை வன்னியை நெருக்கியபோது, சிறிது பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இத்தகையவையே. நோயாளியையும் நெல்மூடையையும் அவை சுமந்தன. அவற்றை வீட்டிலொருவராகப் பேணுவோர் உளர். அவர்கள் புதிய ரயர் பூட்ட எண்ணும்போது கருதவேண்டிய சிலவற்றை இங்கே கூற விழைகின்றேன்.

மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. அக்காலத்து ரயர்களில் இழைகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும். பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946 இற் காப்புரிமை பெற்ற றேடியல் ரயரிலோ, இழைகள் வட்டத்தின் ஆரைபோல ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகச் செல்கின்றன; அவற்றின்மேல் உருக்குக் கம்பிப் பட்டி சுற்றி நிற்கின்றது. அதனால் பக்கச்சுவர் நெகிழ்கின்றது. வீதியைத் தொடும் பகுதி தட்டையாகப் பதிகின்றது. வளைவிலும் மழையிலும் பிடிப்பு மிகுகின்றது.

பிடிப்பு மிகுந்தால் சில்லின்மீது விழும் விசையும் மிகும். எனவே முதலிற் சோதிக்கவேண்டியது சில்லையே. துருவைச் சுரண்டி, நட்டுத் துளைகளைச் சுற்றி வெடிப்பு உண்டோவென நோக்குக. வெடித்த சில்லை ஒட்டிப் பாவிப்பது தகாது. பழைய சில்லின் விளிம்பில், ரயர் கழன்று உள்ளே சரியாமல் தடுக்கும் மேடு பெரும்பாலும் இராது. ஆதலால், றேடியலுக்கென அமைந்த ரியூப் இடுவதே நன்று. ரயரின் உட்புறத்தில் ஒட்டியுள்ள கடதாசியை அகற்றாவிடில் அது ரியூப்பை உராய்ந்து கெடுக்கும்.

அகன்ற ரயர் அழகாகத் தோன்றலாம். ஆனால் மைனரின் 14 அங்குலச் சில்லு ஒடுங்கியது. 145 மில்லிமீற்றர் அளவிலான உயர்ந்த ரயரே அதற்கு இயைவது. உயரம் குறைந்தால் வேகமானியும் பிழை காட்டும்.

முன்னே றேடியலும் பின்னே பழைய வகையும் பூட்டுவது பேராபத்து. வளைவில் முற்பகுதி பற்றிநிற்க, பிற்பகுதி வழுக்கிச் சுழலும். நான்கையும் ஒருங்கே மாற்றுக. மேலதிகச் சில்லையும் மறவற்க.

ரயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் 2319 எனப் பொறித்திருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பூக்கள் தேயாதிருப்பினும், நெடுங்காலம் வெயிலிற் கிடந்த இறப்பர் உறுதி இழந்துவிடும்.

கிரவல் வீதியில் மெல்ல ஊர்ந்த அதே கார், செப்பனிடப்பட்ட ஏ-9 வீதியில் இன்று விரைந்தோடும் பேருந்துகளின் நடுவே செல்கின்றது. மண்ணைத் தொடுபவை உள்ளங்கையளவான நான்கு இடங்களே. காருக்கு வர்ணம் பூசுமுன், குடும்பத்தின் உயிரைத் தாங்கும் அந்நான்கு இடங்களுக்கும் செலவிடுவோமாக.